ஐந்தாம் நாள் கேக்

யூரலி புரூம்ஸ் தன் கல்யாணத்துக்கு டெஸ்ட் மாட்சின் ஐந்தாம் நாளைக் குறித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில், என் முடிவெட்டும் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் ஒரு பக்கத்துக் கிருதாவைக் கொஞ்சம் அதிகமாகவே மேலே ஏற்றிவிட்டேன். பாவம், அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபக்கத்துக் கிருதாவும் போயிருக்கும்.

அறுபத்து மூன்று வயதில் கல்யாணம் செய்துகொள்கிறாளே என்று எனக்குக் கோபமில்லை. ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளை வின்ஃபீல்டையும் பதினோரு வருடமாகத் தெரியும், தங்கமான மனுஷன். என் கோபமெல்லாம் அந்தத் திங்கள்கிழமை மேல்தான். வேறு யார் வைத்திருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். யூரலி வைக்கலாமா?

அவள் கிரிக்கெட் கற்றது எங்கள் தீவின் கென்சிங்டன் மைதானத்துச் சுவருக்கு வெளியே. டெஸ்ட் நடக்கும் நாட்களில் அவள் அம்மா வாசலருகே வறுகடலை விற்பாள். பத்து வயது யூரலி கடலைத் தட்டைப் பிடித்தபடி சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பாள். உள்ளே போக வழியில்லை, காது ஒன்றுதான் துணை. சத்தம் சட்டென்று கிளம்பிக் கைதட்டலில் முடிந்தால் நாலு. சத்தம் மேலே போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால் ஆறு. ஒன்றுமே இல்லாமல் ஒரு பெருமூச்சு மட்டும் சுவரைத் தாண்டி வந்தால் நம்ம ஆள் அவுட். வெளியே நிற்கிற வண்டிக்காரர்கள், "என்னாச்சு பாப்பா?" என்று அவளைத்தான் கேட்பார்களாம். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை என்பாள். நான் அதில் பாதியை நம்புவேன்.

பெரியவளானதும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வருடமே ஐந்து நாள் லீவு கேட்டாள். "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று மேலதிகாரி அம்மா கேட்டாராம். "டாஸ் போட்டப்புறம்தாம்மா தெரியும்," என்றாளாம் இவள். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அவள் லீவுக்கு யாரும் காரணம் கேட்டதில்லை.

எங்கள் ஸ்டாண்டில் மேல் வரிசையில் அவளுக்குப் பக்கத்து இடம் எனக்கு. முப்பத்தொரு வருடமாக அப்படித்தான். நான் ரேடியோ கொண்டுபோவேன், அவள் கூடை கொண்டுவருவாள். ஐந்து நாளைக்கும் ஐந்து விதச் சாப்பாடு. முதல் நாள் மக்ரோனி பை. இரண்டாம் நாள் பொரித்த கோலா மீனை ரொட்டிக்குள் வைத்து, மிளகாய்ச் சாறு ஊற்றி. மூன்றாம் நாள் சனிக்கிழமை, அன்றைக்கு இந்த ஊரில் வேறென்ன சாப்பிடுவது, எலுமிச்சையில் ஊறிய பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளிப் புட்டும்தான். ஞாயிறு கோழியும் பட்டாணிச் சோறும். ஐந்தாம் நாளுக்குக் கறுப்புக் கேக்.

அந்தக் கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் ரம்மில் ஊறிய பழங்களைப் போட்டுச் செய்வது. மற்ற வீடுகளில் கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் செய்வார்கள், யூரலி டெஸ்டுக்குச் செய்வாள். அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் ஆட்டம் முடிய வேண்டும், நம்ம டீம் தோற்காமல் இருக்க வேண்டும், அப்போதுதான் கத்தி வைப்பாள், அதுவும் மைதானத்தில் வைத்துத்தான். இல்லையென்றால் கேக் முழுசாக ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்விடும். கடந்த நான்கு வருடமாக நோயாளிகள்தான் அதைச் சாப்பிட்டார்கள். நம்ம பையன்கள் மூன்றாம் நாள், மிஞ்சிப்போனால் நாலாம் நாள் காலையில் மூட்டை கட்டிவிடுவார்கள்.

"எதுக்கு யூரலி வீணா கேக்கு? மூணு நாள் சாப்பாடு போதாதா?" என்று கிண்டல் செய்வேன்.

"வாயைக் கழுவு ஆஸ்பர்ட். நீ முடி வெட்டுற வேலையைப் பாரு. அஞ்சாம் நாளை நான் பாத்துக்கறேன்," என்பாள்.

அப்படிச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் தெம்பாக இருக்கும். வரிசையில் எல்லோருக்கும் அப்படித்தான். நாங்கள் சலித்துக்கொள்ளலாம், திட்டலாம், டீமைக் கடலில் தள்ளச் சொல்லலாம். எங்களுக்கும் சேர்த்து நம்புவதற்கு யூரலி இருந்தாள்.

வின்ஃபீல்ட் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். கூடையோடு அவர் பஸ்ஸில் ஏறி ஏறி, ஒரு நாள் இறங்கும்போது மீதியிருந்த மீன் ரொட்டியை அவர் கையில் திணித்திருக்கிறாள். மறு வருடம் மனிதர் அவள் பின்னாலேயே மைதானத்துக்கு வந்துவிட்டார். முப்பது வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் அவருக்கு இடது காது மந்தம், அதில் ஒரு மெஷின் மாட்டியிருப்பார். கிரிக்கெட்டில் துளி ஆர்வம் கிடையாது. வருவார், சாப்பிடுவார், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவார். பதினோரு வருடம் தூங்கினார். வருடத்துக்கு ஒரு தடவை, டெஸ்ட் முடிந்த மறுநாள், "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்பார். "அடுத்த டெஸ்ட் முடியட்டும்," என்பாள் இவள். போன வருடம் என்ன நினைத்தாளோ, சரி என்றுவிட்டாள்.

தேதி வைத்த கதையைப் பிறகுதான் கேட்டேன். யூரலியின் தங்கை வெல்மா இங்கிலாந்தில் இருக்கிறாள். இந்த வருடம் இங்கிலாந்து டீம்தான் விளையாட வருகிறது என்பதால் டெஸ்டுக்கென்று டிக்கெட் போட்டிருந்தாள், செவ்வாய்க்கிழமை திரும்ப வேண்டும். பாதிரியார் கிட்டென்ஸுக்குத் திங்கள் சாயங்காலம் நாலு மணிதான் ஒழிந்தது.

"திங்கள்கிழமை அஞ்சாம் நாளாச்சே?" என்று கேட்டது யார் தெரியுமா? வின்ஃபீல்ட்!

"அஞ்சாம் நாளா? யாரு விளையாடப் போறா அஞ்சாம் நாள்?" என்று சிரித்தாளாம் யூரலி. அதோடு விட்டாளா? "எப்படியும் கேக்கு செய்யப்போறேன். இந்த வருஷம் அதையே கல்யாணக் கேக்கா வெச்சுக்கலாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலைய வேணாம்," என்றாளாம்.

கிருதா ஏன் மேலே போயிற்று என்று இப்போது புரிகிறதா? இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்கு வந்து, "எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. நீதான் என்னைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் மாப்பிள்ளைகிட்டக் குடுக்கணும்," என்றாள். அப்புறம் எப்படி முறைத்துக்கொண்டிருப்பது? சரி என்றேன்.

டெஸ்ட் தொடங்கியது. இங்கிலாந்துக்காரர்கள் பாதி மைதானத்தை நிரப்பிக்கொண்டு, வெயிலில் வெந்த இறால் போலச் சிவந்து, பாட்டாகப் பாடினார்கள். அவர்கள் டீம் இரண்டு நாள் ஆடி ஐந்நூற்றுப் பதினெட்டு அடித்தது. மூன்றாம் நாள் சனிக்கிழமை, யூரலி புட்டைப் பிட்டுக் கொடுப்பதற்குள் நம்ம ஆட்கள் நூற்றெண்பத்தாறுக்குச் சுருண்டார்கள். பாலோ ஆன். உடனே மறுபடியும் மட்டை பிடிக்க வேண்டும். அன்று சாயங்காலமே அதிலும் இரண்டு விக்கெட் போய்விட்டது.

"பாத்தியா? நான் வெச்ச தேதி சரிதானே?" என்றாள் யூரலி. சிரித்தாள்தான், ஆனால் சந்தோஷமாகச் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அதிசயம் நடந்தது. காலையில் இருந்த இருவரும் கட்டை போட ஆரம்பித்தார்கள். பந்து வரும், கட்டை. அடுத்த பந்து, கட்டை. ஒருவன் போனால் அடுத்தவனும் வந்து அதையே செய்தான். பக்கத்து வரிசை வெள்ளைக்காரர் ஒருவர் வெறுத்துப்போய், "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?" என்றார். "இதுக்குத்தான் நாங்க நாலு வருஷமா வந்துக்கிட்டிருக்கோம்," என்றேன் நான். நாள் முழுக்க இரண்டே விக்கெட். சாயங்காலம் ஆட்டம் நின்றபோது வரிசையில் எல்லோரும் குதித்தார்கள். யூரலி மட்டும் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன யூரலி?"

"நான் நம்பலையே ஆஸ்பர்ட்," என்றாள். "இத்தனை வருஷம் நம்பிட்டு, அவனுங்க நிக்கப்போற வருஷம் பாத்து நான் நம்பலையே."

எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

"கல்யாணத்தை ரெண்டு மணி நேரம் தள்ளி வெச்சுடலாம். கிட்டென்ஸ் ஃபாதர்கிட்ட நான் பேசறேன். அவரும் கிரிக்கெட் பைத்தியம்தானே," என்றேன்.

தொப்பிக்குள்ளிருந்து, "எனக்குச் சம்மதம்," என்றார் வின்ஃபீல்ட்.

"ஒண்ணும் வேணாம்," என்றாள் யூரலி. குரல் கறாராக இருந்தது. "பதினோரு வருஷம் அடுத்த டெஸ்ட், அடுத்த டெஸ்ட்னு இவரைக் காக்க வெச்சேன். கல்யாணத்தன்னிக்கும் காக்க வெச்சா நான் என்ன மனுஷி? நாலு மணின்னா நாலு மணிதான். கோயில்ல கிரிக்கெட் பேச்சும் கூடாது. சொல்லிட்டேன்."

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மைதானத்தில் இருந்தாள், தலையில் சுருட்டை உருளைகளோடு. கேக் கோயில் கூடத்துக்குப் போய்விட்டிருந்ததால் மடியில் கூடை இல்லை, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு மொத்தம் ஐந்து விக்கெட். தேநீர் இடைவேளைக்கு ஏழு. தேநீருக்கு எழுந்த வெல்மா, "அக்கா, நேரமாச்சு, வா," என்றாள். யூரலி எழுந்தாள். படியில் இறங்கும்போது ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். முப்பத்தொரு வருடத்தில் ஆட்டம் முடியுமுன் அவள் எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

மூன்றரை மணிவரை நான் இருந்தேன். எட்டாவது விக்கெட் விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். கோயில் இரண்டு தெரு தள்ளித்தான். கோட்டும் டையுமாக வியர்த்துக்கொண்டு, காதோடு ரேடியோவை ஒட்டிக்கொண்டு, எதிரில் வந்தவர்களையெல்லாம் இடித்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் ஒன்பதாவதும் போயிற்று. கடைசி ஜோடி: சுழல் பந்துக்காரன் ராம்கிசூன், வேகப் பந்துக்காரன் கிர்ட்டன். கிர்ட்டனுக்கு மட்டையின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி. தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

கோயில் வாசலில் யூரலி வெளிர் மஞ்சள் உடையில் நின்றாள். அழகாகவே இருந்தாள், சொன்னால் அடிப்பாள் என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"குடு."

"எதை?"

"ரேடியோவை. தெருமுனையிலேர்ந்து இரைச்சல் கேக்குது. ஸ்கோர் சொல்லாதே, குடு."

வாங்கி வெல்மாவின் கைப்பையில் போட்டு மூடினாள். அந்த நிமிடம் அவளைக் கைப்பிடித்துக் கொடுக்கிற ஆசையே எனக்குப் போய்விட்டது.

பாட்டு முடிந்து நாங்கள் உள்ளே நடந்தோம். வின்ஃபீல்ட் சாம்பல் நிறக் கோட்டில், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, சிலை போல நின்றார். இடது காதில் மெஷின். வலது காதிலும் ஏதோ இருந்தது. பாவம், அந்தக் காதும் போய்விட்டதா என்று நினைத்துக்கொண்டேன்.

கிட்டென்ஸ் பாதிரியார் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தார். புழுக்கம் என்று சொன்னார். புழுக்கம்தானாம்! வேதபாடம் வாசிக்கும்போது மைதானத்திலிருந்து சங்குச் சத்தம் வந்தது. நம்ம ஆட்கள்தான் சங்கு ஊதுவார்கள். ஓவர் ஒன்று தாண்டினால் ஒரு சங்கு. யூரலி பலிபீடத்தைப் பார்த்தபடி நின்றாள். ஆனால் தலை மட்டும் லேசாக ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. எனக்குத் தெரியும், சங்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பிரசங்கம் நடந்தது, சங்கு கேட்டது. ஜெபம் நடந்தது, சங்கு கேட்டது. கிர்ட்டனா நிற்கிறான்? நம்ம கிர்ட்டனா?

உறுதிமொழி நேரம் வந்தது. பாதிரியார் முதலில் யூரலியைக் கேட்கத் தொடங்கினார், இந்த மனிதரைக் கணவராக ஏற்றுக்கொள்கிறாயா என்று. கேட்டு முடிக்குமுன், மைதானத்திலிருந்து ஒரு பேரிரைச்சல் வந்தது. எக்காளமும் பாட்டுமாக, ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரத் தொண்டைகள். சங்கு இல்லை. ஒரு சங்குகூட இல்லை.

யூரலியின் கை என் பக்கத்தில்தான் இருந்தது. விரல்கள் ஒரு தரம் மடங்கி விரிந்தன. பத்து வயதிலிருந்து கேட்ட காது, அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடித் திறந்தாள்.

"ஏத்துக்கறேன் ஃபாதர்," என்றாள்.

பாதிரியாரின் முகமும் தொங்கிப்போயிருந்தது. சமாளித்துக்கொண்டு வின்ஃபீல்டின் பக்கம் திரும்பினார். "வின்ஃபீல்ட், இந்த யூரலியை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?"

வின்ஃபீல்ட் பேசவில்லை.

பாதிரியார் மறுபடி கேட்டார். வின்ஃபீல்ட் வலது கையைத் தூக்கி, ஒரு விரலை நீட்டினார். பொறுங்கள் என்கிற மாதிரி. கோயிலில் முணுமுணுப்பு எழுந்தது. வெல்மா என் கோட்டைப் பிடித்து இழுத்து, "என்னண்ணே இது, மனுஷன் பின்வாங்கறாரா?" என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. பதினோரு வருடம் கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டு, இப்போது யோசிக்கிறானா இந்த ஆள்? ஒரு அடி முன்னால்கூட வைத்துவிட்டேன்.

யூரலி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை மெல்ல அவருடைய வலது காதுக்குப் போனது. அங்கிருந்து ஒரு மெல்லிய கறுப்பு வயர் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு நிமிடம் இருக்கும், மூன்றுகூட இருக்கும்.

"நாட் அவுட்!" என்றார் வின்ஃபீல்ட்.

பாதிரியார் திகைத்தார். "என்ன சொன்னே?"

"அம்பயர் எல்.பி.டபிள்யூ. குடுத்துட்டார் ஃபாதர். நம்ம கிர்ட்டன் ரிவ்யூ கேட்டான். பந்து மட்டையில பட்டுட்டுத்தான் கால்ல பட்டிருக்கு. நாட் அவுட். இன்னும் ஆறு ஓவர்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஏத்துக்கறேன். ஏத்துக்காம என்ன? ஏத்துக்கறேன் ஃபாதர்."

அவர் சொல்லி முடிக்கவும், ஜன்னல் வழியே சங்குகள் எல்லாம் ஒன்றாக ஊதின. கோயிலே சிரித்தது. யூரலி சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான்.

மோதிரம் மாற்றினார்கள். பாதிரியார் ஆசீர்வாதத்தை இவ்வளவு வேகமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஏட்டில் கையெழுத்துப் போட வேண்டிய நேரம் வந்ததும் அவர் வின்ஃபீல்டின் தோளைத் தொட்டு, "நீ முதல்ல கையெழுத்துப் போட்டுட்டு அந்தப் பிரசங்க மேடையில ஏறி நில்லு. சத்தமாச் சொல்லு," என்றார்.

ஏறி நின்றார் மனிதர். வாழ்நாளில் மைக்கைப் பிடித்திராதவர். "பந்து போடறான். கிர்ட்டன் கட்டை போட்டான். மறுபடி போடறான். விட்டுட்டான். மூக்குக்கிட்ட நிக்கிறானே ஒருத்தன், அவன் தலையில கை வெச்சுக்கறான்." அந்த இடத்தில் நிற்பவனுக்கு ஒரு பெயர் உண்டு, ரேடியோ சொன்னாலும் அது அவர் வாயில் நுழையவில்லை. ஆனால் எந்தப் பந்தையும் விடவில்லை. யூரலி முன்வரிசையில் உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஓவரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கடைசிப் பந்தை ராம்கிசூன் கால்பக்கம் தட்டிவிட்டான். "முடிஞ்சுது. டிரா," என்றார் வின்ஃபீல்ட், மிகச் சாதாரணமாக. அதற்குப் பிறகு கோயிலில் நடந்த ஆட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கேக்கைக் கூடத்தில் வெட்டக் கூடாது என்று யூரலி சொல்லிவிட்டாள், சட்டம் சட்டம்தானே. மூன்று பேர் தூக்கிக்கொள்ள, கல்யாணக் கூட்டம் முழுவதும் இரண்டு தெரு நடந்து மைதானத்துக்குப் போனோம். மணமகளைப் பார்த்ததும் வாசல்காரன் கதவை அகலத் திறந்துவிட்டான். எங்கள் வரிசைக்காரர்கள் யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. அந்த இறால் நிறத்து வெள்ளைக்காரர்கூட இருந்தார், அவருக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

"ஏங்க, அப்போ பதினோரு வருஷமா தொப்பிக்குள்ள தூங்கலையா நீங்க?" என்று கேட்டாள் யூரலி.

"சாப்பிட்டதும் கொஞ்சம் தூங்குவேன்," என்றார் வின்ஃபீல்ட். "அப்புறம் எங்க தூங்கறது? நீ பேசிக்கிட்டே இருப்பியே. எல்லாம் காதுல விழும்."

அவள் கத்தியைத் துடைத்துக்கொண்டே கீழே காலியாகக் கிடந்த ஆடுகளத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சின்ன வயசுல இந்தச் சுவத்துக்கு வெளியில நின்னு, உள்ள என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் நான்தான் சொல்வேன் ஆஸ்பர்ட். எனக்குன்னு சொல்ல ஒருத்தர் இன்னிக்குத்தான் வந்தார்," என்றாள்.

நான் இன்னொரு துண்டு கேட்டேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தவனுக்கு ஒரு துண்டுதான் என்று சொல்லிவிட்டாள்.